வெள்ளை அடிக்கிற வேலை

கீழக்குறிச்சி விலக்கிலிருந்து ஊருக்குள்
நாற்பத்தோரு கம்பம்.
பிடிஓ ஆபீஸ் கணக்கில் நாற்பது.
விட்டுப்போன ஒன்று
குளத்துக்கரை உடைமுள்ளுக்குள் நிற்கிறது.
ஆள் போகாத இடம்.
அதற்கும் நிறம் இருக்கிறது.

வள்ளியூரில் பெயிண்ட் வாங்கப் போனேன்.
"கொடையா, கல்யாணமா, வேற எதுவுமா?"
என்றார் அண்ணாச்சி.
வெள்ளை என்றேன்.
"வெள்ளை மட்டுமா?"
டப்பா மூடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.
இருபது வருஷமாக எனக்கு
இரண்டிரண்டு நிறமாகவே விற்றவர்.

ஆமாம், நான்தான்.
மேலத்தெருவின் இரண்டு நிறத்தையும்
வடக்குத்தெருவின் இரண்டு நிறத்தையும்
ஒரே பிரஷ்ஷில்,
நடுவில் மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு,
கம்பத்துக்கு அறுபது ரூபாய் வாங்கி
அடித்துக் கொடுத்தவன்.
பையன்கள் செல்போன் வெளிச்சம் பிடித்தார்கள்.
"கோடு நேரா இருக்கணும்ணே."
நேராகத்தான் இருந்தது.
வேலையில் நான் குறை வைப்பதில்லை.

சுரண்டினால் தோல் தோலாக உரிகிறது.
போன தேர்தல் ஒன்று.
கொடைக்குக் கொடை ஒன்று.
வெட்டு நடந்த வருஷம்
ஆனிக் காற்றோடு அவசரமாகப் பூசியது,
தூசி ஒட்டிக் கெட்டியாக ஒன்று.
எல்லாம் போனபின் சிமெண்டு,
அதில் ஈபிக்காரன் எழுதின நம்பர்.
லைன்மேன் மட்டும் கேட்கிற நம்பர்.

பன்னிரண்டாவது, பள்ளிக்கூட வாசலில்.
முந்தின நாள்தான் ஜெபக்கனி டீச்சர்
கத்தரிக்கோலோடு பெஞ்சு பெஞ்சாகப் போய்
மணிக்கட்டுக் கயிறுகளை வெட்டியிருக்கிறார்.
சாக்பீஸ் டப்பா நிறையக் கிடந்தன.
இன்டர்வெல்லில் பிள்ளைகள்
என் ஏணியைச் சுற்றி நின்றார்கள்.
கயிறு கிடந்த இடத்தில்
வெயில் படாத வெளுப்பாய் ஒரு வளையம்,
எல்லாக் கையிலும்.
எந்தக் கையில் எந்தக் கயிறு கிடந்தது,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அவர்களுக்குத் தெரியும்.
பைப்படியில் இரண்டு வரிசையாகத்தான்
நின்று குடித்தார்கள்.

ஒருத்தி மட்டும், ரூபாவதியாம்,
"ஒரு தடவ தாங்களேன்" என்று
பிரஷ்ஷை வாங்கினாள்.
எட்டுகிற மட்டும் அடித்தாள்.
அதற்கு மேல் ஒரு முழம் மிச்சம்.
மற்ற வரிசையிலிருந்து வந்தான்
வானமாமலை என்கிற நெட்டைப் பயல்.
கேட்கவில்லை, பிடுங்கினான்.
எக்கி எக்கி அவன் இழுத்ததில்
அவள் சடையில் சொட்டியது.
"ஏலே, தலையில விழுது!"
"தள்ளி நில்லேன் பிள்ள!"
பெல் அடித்துவிட்டார்கள்.

மத்தியானம் மேலத்தெருவில்
ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன்.
செம்போடு வந்தவர் நடையில் நின்றார்.
"எந்த ஊரு?"
சொன்னேன்.
"அங்க குளத்துக்கு வடக்கயா, தெக்கயா?"
பெயிண்டர் என்றேன்.
"அது தெரியுது."
செம்பு அவர் கையிலேயே இருந்தது.
நான் ஏணியைத் தூக்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் ராத்திரி
பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள்.
கம்பத்துக்கு இருநூறு என்றார்கள்.
கையில் சுளுக்கு என்றேன்.
இருநூறு.
படுத்தபின்னும் பெருக்கிப் பார்த்தேன்,
பொய் சொல்ல மாட்டேன்.

விடிந்தபோது ஏழாவதும் பத்தொன்பதும் இருபதும்
மறுபடி இரண்டு நிறம்.
கோடு கோணல், கீழே வழிசல்.
நான் அடிக்காதது என்று
பஸ்ஸில் போகிறவனும் சொல்லிவிடுவான்.

பன்னிரண்டைத் தொடவில்லை.
ஏன் என்று தெரியாது.
டீச்சருக்குப் பயமோ,
வரிசை இன்னும் வரவில்லையோ.
வெள்ளையில் ஒரு தலைமுடி ஒட்டிக் காய்ந்திருந்தது.
பட்டைபட்டையாகத் திட்டு,
ஒரு முழம் ஒரு விதம், கீழே ஒரு விதம்.
தேய்த்துச் சரிபண்ணப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.

பில் முடிந்துவிட்டது என்கிறார்கள் ஆபீஸில்.
என்னிடம் ஒரு லிட்டர் கிடக்கிறது.
ஏழிலிருந்து சுரண்ட வேண்டும்.
முள்ளுக்குள் நிற்பதற்குப் பத்தாது.